புதிய தலைமுறை அணு உலைகள் சொல்கிற அளவுக்குப் பாதுகாப்பானவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய கூறு உலை, உருகிய உப்பு உலை, கூழாங்கல் படுகை உலை, சோடியம் வேக உலை என்று புதுப்புதுப் பெயர்கள் செய்திகளில் வருகின்றன. கூடவே ஓர் உறுதிமொழியும் வருகிறது: “இது உருகவே உருகாது.” அந்த உறுதிமொழியைப் பற்றியதுதான் இந்தப் பக்கம்.

அணுமின்சாரமே கூடாது என்று வாதாடுவதற்காக இதை எழுதவில்லை. நிலக்கரியைக் கைவிட அதுவும் உதவும் என்றே நினைக்கிறேன். ஆனால் சொல்லப்படுவதில் எது சோதித்துப் பார்த்தது, எது கணக்குப் போட்டது, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்துப் பார்க்காமல் தலையாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

‘மேம்பட்ட’ உலை என்று எதைச் சொல்கிறார்கள்?

இன்று ஓடும் அணுமின் உலைகளில் பெரும்பாலானவை தண்ணீரால் குளிர்விக்கப்படுபவை. தண்ணீருக்குப் பதில் திரவ சோடியம், ஹீலியம் வாயு, உருகிய உப்பு, ஈயம் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்தும் வடிவங்களைப் பொதுவாக மேம்பட்டவை என்கிறார்கள். தண்ணீரையே வைத்துக்கொண்டு அளவைச் சுருக்கியவற்றையும் இதில் சேர்ப்பதுண்டு.

‘புதியவை’ என்பது மட்டும் அவ்வளவு பொருந்தாது. அமெரிக்காவின் ஐடஹோவில் சோடியம்-பொட்டாசியம் கலவையால் குளிர்ந்த ஈ.பி.ஆர்-1 உலை 1951-லேயே மின்விளக்குகளை எரியவைத்தது. 1955-ல் அதன் மையத்தில், அதாவது எரிபொருள் இருக்கும் நடுப்பகுதியில், ஒரு பகுதி உருகியது. உருகிய உப்புச் சோதனை உலை ஒன்று 1965-ல் இயங்கத் தொடங்கியது. கூழாங்கல் படுகை உலை 1967-ல் ஜெர்மனியில் மின்சாரம் தந்தது. ஆக, இவற்றுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. விளம்பரப் படங்களைவிட அந்த வரலாற்றில்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து முடிந்துவிடாதா?

முடியாது. அணு உலையின் அடிப்படைச் சிக்கலே இதுதான். கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கியதும் அணுக்கள் அடுத்தடுத்துப் பிளக்கும் தொடர்வினை நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே பிளந்த அணுக்களின் மிச்சங்கள் சிதைந்துகொண்டே வெப்பத்தை விடும். இதைச் சிதைவு வெப்பம் என்கிறோம். நிறுத்திய கணத்தில் அது முழுத் திறனில் 6 முதல் 7 சதவீதம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரைச் சதவீத அளவுக்கு இறங்கும், ஒரு நாளில் அரைச் சதவீதத்துக்கு அருகில் வரும்.

அரைச் சதவீதம் தானே என்று தோன்றலாம். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் நிலையத்தின் வெப்பத் திறன் ஏறக்குறைய 3,000 மெகாவாட். அதில் அரைச் சதவீதம் 15 மெகாவாட். அது மணிக்கு 20 டன் தண்ணீரை ஆவியாக்கப் போதுமான வெப்பம். 2011-ல் ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் நிலநடுக்கத்தின்போது ஒழுங்காகத்தான் நின்றன. சுனாமி மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, இந்த மிச்ச வெப்பத்தை எடுக்க வழியில்லாமல்தான் அவை உருகின.

எந்தப் புது வடிவம் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சிதைவு வெப்பம் எந்த வழியாக வெளியே போகிறது? அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும்?

பம்பு, மின்சாரம், மனிதர் எதுவும் இல்லாமல் தானாகவே குளிரும் என்கிறார்களே?

நல்ல யோசனைதான். சூடான நீர் மேலே போகும், குளிர்ந்த நீர் கீழே வரும். புவியீர்ப்பு விசை மின்வெட்டில் நிற்காது. ஆனால் அந்த இயற்கை ஓட்டம் தொடங்க ஒரு வால்வு திறக்க வேண்டும், குழாயில் அடைப்பு இருக்கக் கூடாது, எதிர்பார்த்த திசையில் நீர் ஓட வேண்டும். இவற்றில் எதுவுமே தானாக உறுதியாகிவிடாது.

ஃபுகுஷிமாவின் முதல் உலையில் இப்படிப்பட்ட அமைப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. உலையின் நீராவியை ஒரு தொட்டிக்குள் ஓடும் குழாய் வழியே அனுப்பி, தண்ணீராக்கி, ஈர்ப்பு விசையாலேயே உலைக்குத் திருப்பும் குளிர்விப்பான் அது. பம்பு தேவையில்லை. ஆனால் குழாய் உடைந்தால் கசிவைத் தடுக்க, கட்டுப்பாட்டு மின்சாரம் போனதும் வால்வுகள் மூடிக்கொள்ளும்படி பாதுகாப்புக்காகவே அமைத்திருந்தார்கள். சுனாமி வந்தது, மின்சாரம் போனது, வால்வுகள் மூடின. கட்டுப்பாட்டு அறையிலும் அவசர மையத்திலும் அது வேலை செய்வதாகவே சில மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தவர்களுக்கு அதை நிஜமாக இயக்கிப் பார்த்த அனுபவம் இல்லை. மூன்றில் முதலில் உருகியது அந்த உலைதான்.

இன்னொன்று நியூஸ்கேல் என்ற சிறிய கூறு உலை. 2020-ல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆலோசனைக் குழு அதில் ஒரு நுட்பமான சிக்கலை எழுப்பியது. நீரில் கலந்திருக்கும் போரான் நியூட்ரான்களை விழுங்கித் தொடர்வினையை அடக்கிவைக்கிறது. இயற்கை ஓட்டத்தில் நீர் கொதித்து ஆவியாகும்போது போரான் கூடவே போகாது, பின்னால் தங்கிவிடும். ஆவி குளிர்ந்து ஓரிடத்தில் சேரும் நீரில் போரான் மிகக் குறைவாக இருக்கும். அந்த நீர் மொத்தமாக மையத்துக்குள் புகுந்தால், அடங்கியிருந்த தொடர்வினை மறுபடி எழலாம். பாதுகாப்புக்காக வைத்த ஓட்டமே ஆபத்தைக் கொண்டுவரக்கூடிய நிலை அது. பிறகு உள்ளமைப்பில் துளைகள் வைத்து வடிவத்தை மாற்றினார்கள். ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், திருத்தினார்கள், நல்லது. ஆனால் எளிமையே இதன் பாதுகாப்பு என்று சொல்லப்பட்ட வடிவத்தில், வருடக்கணக்கான பரிசீலனைக்குப் பிறகே இது கவனத்துக்கு வந்தது.

1986-ல் சோதித்து நிரூபித்துவிட்டார்களே?

ஆமாம், அந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். 1986 ஏப்ரல் 3 அன்று, செர்னோபிலுக்கு மூன்று வாரம் முன்பு, ஐடஹோவின் ஈ.பி.ஆர்-2 சோடியம் உலையை முழுத் திறனில் ஓடவிட்டு, தானியங்கி நிறுத்தத்தை முடக்கி, பம்புகளை நிறுத்தினார்கள். சூடேறியதும் மையம் விரிவடைந்தது, நியூட்ரான்கள் அதிகம் வெளியேறின, தொடர்வினை தானே அடங்கியது. அன்றே வெப்பத்தை வெளியேற்றும் வழியை மூடி இன்னொரு சோதனையும் செய்தார்கள். அதிலும் சேதம் இல்லை.

ஆனால் அந்த உலையின் வெப்பத் திறன் 62.5 மெகாவாட். இன்று அதே வழியில் முன்வைக்கப்படும் நேட்ரியம் வடிவத்தின் வெப்பத் திறன் 840 மெகாவாட், பதின்மூன்று மடங்குக்கும் மேல். மையம் பெரிதானால் நியூட்ரான்கள் வெளியேறுவது குறையும். பெரிய மையத்தின் நடுவில் சோடியம் கொதித்துக் குமிழியானால் தொடர்வினை குறைவதற்குப் பதில் கூடவும் கூடும். வடிவமைப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதற்கேற்பத்தான் வடிவமைக்கிறார்கள். ஆனால் சின்ன உலையில் பார்த்ததைப் பெரிய உலைக்குச் சான்றாகக் காட்டும்போது, நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

சோடியம் உலைகளின் அனுபவம் எப்படி?

சோடியத்துக்கு நல்ல குணங்கள் உண்டு. 883 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும் என்பதால் அதிக அழுத்தம் தேவையில்லை, கனமான அழுத்தக் கலன் தேவையில்லை. வெப்பத்தை அருமையாகக் கடத்தும். கெட்ட குணங்களும் உண்டு. சூடான சோடியம் காற்று பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் கடுமையாக வினைபுரியும், உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கவும் முடியாது.

டெட்ராய்ட் அருகே இருந்த ஃபெர்மி-1 உலையின் கதையை நான் அடிக்கடி நினைப்பேன். எரிபொருள் உருகினால் அது அடியில் ஒன்றாகக் குவியக் கூடாது என்பதற்காக, கடைசி நேரத்தில் உலையின் அடிப்பகுதியில் சிர்கோனியத் தகடுகளைப் பொருத்தினார்கள். 1966 அக்டோபரில் ஒரு தகடு கழன்று சோடியம் வரும் வழியை அடைத்தது. இரண்டு எரிபொருள் தொகுப்புகளில் உருகல் ஏற்பட்டது. உருகலின் விளைவைத் தடுக்க வைத்த பொருளே உருகலுக்குக் காரணமாயிற்று.

ஜப்பானின் மொஞ்சு உலை 1994-ல் முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. 1995 டிசம்பரில், சோடியம் ஓட்டத்தின் அதிர்வில் வெப்பமானியின் உறை ஒன்று முறிந்து, 600 கிலோவுக்கும் அதிகமான சோடியம் கசிந்து எரிந்தது. அது மையத்துக்குள் போகாத இரண்டாம் சுற்றுச் சோடியம், கதிரியக்கம் இல்லை, யாருக்கும் காயமும் இல்லை. ஆனால் நடத்திய நிறுவனம் சேதத்தின் காணொளியை மறைத்தது வெளியே வந்ததும் மக்களின் நம்பிக்கை உடைந்துபோனது. 2010-ல் மறுபடி இயக்கினார்கள். சில மாதங்களில் மூன்று டன்னுக்கும் மேல் எடையுள்ள கருவி ஒன்று உலைக்கலனுக்குள் விழுந்தது. 2016-ல் நிரந்தரமாக மூட முடிவாயிற்று. இருபதாண்டுக்கும் மேலான காலத்தில் அது ஓடியது சுமார் 250 நாட்கள்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரஷ்யாவின் பிஎன்-600 உலை 1980 முதல் ஓடுகிறது. 1997 வரை அதில் 27 சோடியம் கசிவுகள், அவற்றில் 14-ல் தீ. இருந்தும் நீராவி ஆக்கிகளைத் தனித்தனி அறைகளாகப் பிரித்து வைத்திருந்ததாலும், கசிவை எதிர்பார்த்தே நிலையத்தை அமைத்திருந்ததாலும் அது தாக்குப்பிடித்தது. கசியும் என்று ஒப்புக்கொண்டு கட்டியவர்களின் உலைதான் அதிக காலம் ஓடியிருக்கிறது.

கூழாங்கல் உலைகளின் எரிபொருள் உருகாது என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட எரிபொருள் மணி ஒவ்வொன்றையும் கார்பன், சிலிக்கான் கார்பைடு அடுக்குகளால் மூடுகிறார்கள். அந்த மணிகளை வைத்துச் செய்த கோளங்கள்தான் ‘கூழாங்கற்கள்’, அவற்றின் குவியல்தான் மையம். சோதனைகளில் இவை 1,600 டிகிரியிலும் கதிரியக்கப் பொருளை நன்றாகவே பிடித்துவைத்திருக்கின்றன. சீனாவின் ஷிதாவ் வளைகுடாவில் உள்ள உலையில் 2023-ல் இரண்டு அலகுகளையும் தலா 200 மெகாவாட் வெப்பத் திறனில் ஓட்டி, குளிர்விப்பை நிறுத்திப் பார்த்தார்கள். இயற்கையாகவே ஆறின. வணிக அளவிலான ஓர் உலையில் இப்படிச் செய்து காட்டியது உண்மையான சாதனை.

எனக்குள்ள கவலை உருகுவதைப் பற்றியது அல்ல. ஜெர்மனியின் யூலிஷ் நகரில் 1967 முதல் 1988 வரை ஓடிய ஏவிஆர் உலையில், வெவ்வேறு வெப்பநிலையில் உருகும் கம்பிகளை வைத்த கோளங்களை 1986-ல் உள்ளே விட்டுப் பார்த்தார்கள். வெளியே வந்தவற்றில் பலவற்றில் எல்லாக் கம்பிகளும் உருகியிருந்தன. உள்ளே சில இடங்களில் வெப்பநிலை கணக்கிட்டதைவிட 200 டிகிரிக்கும் மேல் கூடுதலாக இருந்திருக்கிறது. இருபது ஆண்டுகளாக ஓடிய உலை அது! கோளங்கள் குவியலாக நகர்ந்துகொண்டே இருக்கும் மையத்தில் உணர்கருவியை நிலையாக வைக்க முடியாது என்பதால் யாருக்கும் தெரியவில்லை. 1978-ல் நீராவி ஆக்கியிலிருந்து சுமார் 27 டன் தண்ணீர் உள்ளே கசிந்த சம்பவமும் அதே உலையில்தான். மூடிய பிறகு பார்த்தால் உட்புறம் சீசியம், ஸ்ட்ரான்சியம் தூசியால் கடுமையாக மாசுபட்டிருந்தது. 2008-ல் அங்கேயே பணியாற்றிய விஞ்ஞானி ரைனர் மோர்மன் இதையெல்லாம் தொகுத்து வெளியிட்டார்.

இன்றைய எரிபொருள் அன்றையதைவிடத் தரமானது. சரி. ஆனால் பாதுகாப்பு முழுவதையும் கோடிக்கணக்கான மணிகளின் தயாரிப்புத் தரத்தின் மேல் ஏற்றிவைத்தால், அந்தத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாடும் உலைப் பாதுகாப்பின் ஒரு பாகமாகிவிடுகிறது.

உருகிய உப்பு உலையில் எரிபொருள் ஏற்கெனவே உருகித்தானே இருக்கிறது? அப்புறம் என்ன பயம்?

எரிபொருள் உருகுவது தன்னளவில் தீங்கு அல்ல. அதனால் கதிரியக்கப் பொருள் வெளியே வருவதுதான் தீங்கு. திட எரிபொருளில் உலோக உறை என்று ஒரு தடுப்பு இருக்கிறது. உப்பில் கரைந்த எரிபொருளில் அந்தத் தடுப்பே கிடையாது. ஜெனான், கிரிப்டான் போன்ற வாயுக்கள் ஓடும்போதே உப்பிலிருந்து பிரிந்து வரும், அவற்றைப் பிடித்துவைக்கத் தனி அமைப்பு வேண்டும். அந்த அமைப்பின் குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1965 முதல் 1969 வரை ஓடிய சோதனை உலை நன்றாகவே ஓடியது. பிறகு உப்பைத் தொட்டிகளில் உறையவிட்டு மூடினார்கள். உறைந்த உப்பைக் கதிர்வீச்சு தொடர்ந்து தாக்கியதில் ஃபுளோரின் வாயு பிரிந்தது. அது யுரேனியத்தோடு சேர்ந்து வாயுவாகிக் குழாய்களின் வழியே நகர்ந்தது. 1994-ல் பார்த்தபோது வடிகட்டும் கரிப்படுகையில் கிலோக்கணக்கில் யுரேனியம் சேர்ந்திருந்தது. ஓடி நின்று 25 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஆபத்து இது. உலோகக் கலன்களின் பரப்பில் டெல்லூரியத்தால் விரிசல்கள் வந்ததும் அந்த உலை கற்றுக்கொடுத்த பாடம்தான்.

சிறியது என்றால் பாதுகாப்பானது தானே?

ஓர் உலையை மட்டும் பார்த்தால் ஆமாம். உள்ளிருக்கும் கதிரியக்கப் பொருள் குறைவு, சிதைவு வெப்பமும் குறைவு. ஆனால் ஒரே இடத்தில் ஆறு, பன்னிரண்டு என்று வரிசையாக வைத்து, ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து குறைந்த ஆட்களை வைத்து இயக்கத் திட்டமிடுகிறார்கள். வெள்ளமும் நிலநடுக்கமும் ஓர் உலையை மட்டும் தேர்ந்தெடுத்து வருவதில்லை.

10 லட்சம் ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் விபத்து வரும் என்ற கணக்கை நம்பலாமா?

ஒரே உலையின் இரண்டு அமைப்புகளில் எது பலவீனமானது என்று ஒப்பிட இந்தக் கணக்கு மிகப் பயனுள்ளது. தனி எண்ணாக எடுத்து நம்புவதுதான் சிக்கல். ஓர் உலை ஓராண்டு ஓடினால் ஓர் உலை-ஆண்டு. உலகில் இதுவரை மின் உலைகள் சுமார் 20,000 உலை-ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அதில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் ஒன்று, செர்னோபிலில் ஒன்று, ஃபுகுஷிமாவில் மூன்று என்று பெரிய விபத்துகளில் மட்டும் ஐந்து மையங்கள் அழிந்தன. அதாவது 4,000 உலை-ஆண்டுகளுக்கு ஒன்று. புது வடிவங்கள் இதைவிட நிச்சயம் மேலானவையாக இருக்கலாம். ஆனால் அந்த 10 லட்சம் என்ற எண், யோசித்துப் பட்டியலிட்ட விபத்துகளை மட்டும் கூட்டி வருவது. கழன்ற தகடும், மின்சாரம் போனதும் மூடிக்கொண்ட வால்வும் முன்கூட்டியே அந்தப் பட்டியலில் சரியான இடத்தில் இருந்திருந்தால் யாராவது அதைச் சரிசெய்திருப்பார்கள்.

உருகிய உப்பு உலைக்கோ கையிலிருக்கும் அனுபவம் சில உலை-ஆண்டுகள்தான்.

பழையதைவிடக் கொஞ்சமாவது மேல் என்றால் போதாதா? ஏன் இவ்வளவு குறுக்குக் கேள்வி?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். ‘இயல்பிலேயே பாதுகாப்பானது’ என்ற சொல் வெறும் வர்ணனையாக நிற்பதில்லை. அதைக் காட்டி மற்றப் பாதுகாப்புகளைக் குறைக்க அனுமதி கேட்கிறார்கள். எரிபொருளே எல்லாவற்றையும் பிடித்துவைக்கும், ஆகவே அழுத்தம் தாங்கும் கான்கிரீட் காப்புக் கட்டடம் தேவையில்லை என்கிறார்கள். 2018-ல் அமெரிக்க ஆணையம் அந்த அணுகுமுறையைக் கொள்கை அளவில் ஏற்றது. பெரிய உலைகளுக்குச் சுமார் 16 கிலோமீட்டர் என்றிருந்த அவசரத் திட்ட எல்லையை (விபத்து நடந்தால் மக்களைக் காக்க முன்கூட்டியே திட்டமிட்டிருக்க வேண்டிய பகுதி), சிறிய உலைகளுக்கு நிலைய வேலி வரைக்கும் சுருக்க 2023-ன் விதி இடம் தருகிறது.

காப்புக் கட்டடத்துக்கு விலை அதிகம் என்பதும், புது உலைகள் விலைபோக வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் திரீ மைல் ஐலண்டில் மையத்தில் பாதி உருகியும் ஊர் தப்பியது அந்தக் கட்டடத்தால். எதிர்பாராதது நடந்தாலும் தாங்கும் என்பதே அதன் பயன். எதிர்பார்த்த விபத்துகளின் பட்டியலைக் காட்டி அதை நீக்குவது எனக்குப் பயமாக இருக்கிறது. புது வடிவத்தையும் கொண்டுவந்து பழைய தடுப்புகளையும் வைத்திருந்தால், மேலானது என்று நானும் சந்தோஷமாகச் சொல்வேன். இரண்டில் ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கினால், கடைசியில் கையில் மிஞ்சுவது கூடுதலா குறைவா என்று யாரும் இன்னும் காட்டவில்லை.

நிலக்கரிப் புகையால் இறப்பவர்கள் இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம் அல்லவா?

அதிகம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அணுமின்சாரத்துக்கு அந்த நல்ல பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவை காப்புக் கட்டடமும் அடுக்கடுக்கான தடுப்புகளும் கொண்ட நீர் உலைகள். அந்தப் பெயரைக் கடன் வாங்கி, அந்தத் தடுப்புகள் இல்லாத உலைக்கு உத்தரவாதமாகக் காட்ட முடியாது.

ஒழுங்குமுறை ஆணையங்கள் பார்த்துக்கொள்ளாதா?

நேரமும் சுதந்திரமும் கொடுத்தால் பார்க்கும். 2022 ஜனவரியில் ஓக்லோ நிறுவனத்தின் அரோரா உலை விண்ணப்பத்தை, விபத்துகள் பற்றிப் போதிய தகவல் தரவில்லை என்று அமெரிக்க ஆணையம் திருப்பி அனுப்பியது. 2023-ல் நியூஸ்கேலுக்குச் சான்று தந்தபோதும், நீராவி ஆக்கியின் அதிர்வு உள்ளிட்ட சில கேள்விகளைத் தீராதவை என்று வெளிப்படையாகக் குறித்துவைத்தது. தாமதம் என்று திட்டப்படும் வேலை இதுதான். போரான் சிக்கல் பிடிபட்டதும் அந்த வேலையில்தான்.

எதைக் காட்டினால் உங்கள் சந்தேகம் தீரும்?

சீன உலையிலிருந்து வெளிவரும் கோளங்களை வெட்டிச் சோதித்து, எத்தனை மணிகள் உடைந்திருந்தன, தூசி எவ்வளவு சேர்ந்தது, உள்ளே வெப்பநிலை கணக்கோடு பொருந்தியதா என்று முழுமையாக வெளியிட வேண்டும். முதலில் கட்டப்படும் பெரிய சோடியம் உலையில் 1986-ன் சோதனையைப் படிப்படியாகத் திறனைக் கூட்டி மறுபடி செய்ய வேண்டும், அதைக் கட்டியவர்கள் அல்லாத ஆய்வாளர்கள் தரவைப் பார்க்க வேண்டும். உப்பு உலையை மூடிய பிறகு அந்த உப்பை எங்கே, எந்த வடிவில் வைப்பது என்பதற்கு, ஓடத் தொடங்கும் முன்பே பதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வகையிலும் முதல் உலையாவது காப்புக் கட்டடத்தோடும் பழைய அவசர எல்லையோடும் பத்து ஆண்டுகள் ஓடட்டும். எல்லையைச் சுருக்கச் சொல்லி வரும் விண்ணப்பத்தில் அந்தப் பத்து ஆண்டுப் பதிவேடும் இணைக்கப்பட்டிருந்தால், அதை நான் திறந்த மனதோடு படிப்பேன்.